கடலேரித் தாரா பார்க்கப் பைனாகுலர் வாங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடைக் காற்றோடு ஊசிவால் தாராக்கள் யாழ்ப்பாணக் கடலேரிக்கு வந்து சேரும். கூடவே பைனாகுலர் பற்றிய அதே கேள்விகளும் வருடா வருடம் வந்து சேரும். பண்ணைப் பாலத்திலும் அராலியிலும் பொன்னாலையிலும் கேட்கப்பட்டவற்றைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம்.

8×42 எண்டு போட்டிருக்கு. அது என்ன கணக்கு?

முதல் எண் உருப்பெருக்கம். 400 மீற்றரில் மிதக்கும் தாரா 50 மீற்றரில் மிதப்பது போலத் தெரியும். இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீற்றரில்.

இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 5.25 வரும். கண் வைக்கும் பக்கத்தால் வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வானத்தின் பக்கம் காட்டினால், கண்வில்லைக்குள் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் தெரியும். கீழே 'ஒளி வட்டம்' என்று சொல்வதெல்லாம் இதைத்தான். மத்தியான வெயிலில் நம் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும், அந்த நேரத்துக்கு 8×25 கூடப் போதும். விடியும் முன்னரோ பொழுதுபடும்போதோ கண்மணி 5 மி.மீ. வரை விரியும். 8×25 தருவது 3 மி.மீ. வட்டம்தான், படம் கறுத்துவிடும். தாரா பார்க்கிற நேரமே விடியலும் மாலையும் என்பதால் 42 ஐ விட்டுக் கீழே இறங்க வேண்டாம்.

எத்தினை மடங்கு காணும்? கூட இருந்தால் கிட்டத் தெரியும்தானே?

8 காணும். உருப்பெருக்கம் கூடும்போது கை நடுக்கமும் அதே மடங்கில் கூடும், கானல் அலையும் கூடும். பார்வைப் பரப்பு மட்டும் குறையும். பண்ணைப் பாலத்தில் வாடைக் காற்று சேட்டைப் பிடித்து இழுக்கிற காலையில், 12 மடங்குப் பைனாகுலரைக் கையில் பிடித்து நாமத்தலை வாத்தின் நெற்றியைத் தேடிப் பாருங்கள், விளங்கும்.

பரப்பைப் பாகையில் எழுதியிருப்பார்கள். ஒரு பாகை என்றால் 1000 மீற்றர் தூரத்தில் 17.5 மீற்றர் அகலம். 8 மடங்கில் 7 முதல் 8 பாகை வரையும், 10 மடங்கில் 6 முதல் 6.5 பாகை வரையும் கிடைப்பது வழக்கம். கூட்டம் கிளம்பிப் பறக்கும்போது அந்த ஒரு பாகை வித்தியாசம்தான் உங்களைக் காப்பாற்றும். முதல் பைனாகுலர் என்றால் 8×42. மதிலிலோ வாகனத்திலோ சாய்ந்து நின்று கடலேரியை மட்டுமே பார்ப்பவர் 10×42 எடுக்கலாம். அதற்கு மேலே போனால் முக்காலி வேண்டும்.

கடையில 30×60 எண்டு, மடிக்கிற மாதிரிச் சின்னதா, மலிவா ஒண்டு இருக்கு. நல்லதோ?

வேண்டாம். அதிலே எழுதியிருப்பதை வைத்தே கணக்குப் பார்க்கலாம். இந்த வகையில் பெரும்பாலும் '126 மீ / 1000 மீ' என்று அச்சடித்திருக்கும். 126 மீற்றர் என்றால் 7.2 பாகை. உண்மையிலேயே 30 மடங்கு பெருக்கினால் 7.2 × 30, அதாவது 216 பாகை அகலமான காட்சி கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு மனிதருக்கு மொத்தமாகத் தெரிவதே ஏறக்குறைய 200 பாகைதான்! அடிமட்டத்தை எடுத்து முன்பக்க லென்ஸை அளந்தால் 60 மி.மீ. அங்கே இராது, பாதி இருந்தாலே அதிசயம்.

லென்ஸ் இரத்தினக்கல் போலச் சிவப்பாக மினுங்கினால் இன்னொரு சங்கதி. அந்தப் பூச்சு சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே வரும் படம் நீலப்பச்சையாக மங்கும். பூநாரையின் சிவப்புச் செட்டையைப் பார்க்கப் போகிறவருக்கு அது எதற்கு?

10 இலிருந்து 30 வரைக்கும் சூம் பண்ணுற பைனாகுலர்?

அதுவும் வேண்டாம். இரண்டு குழாயும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் பெருக வேண்டும். மலிவு விலையில் அந்தப் பொறி துல்லியமாக அமையாது. சூம் வேண்டுமென்றால் ஒற்றைக் குழாய் ஸ்கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில கடற்தொழிலுக்குக் கொண்டுபோற பழைய 7×50 கிடக்கு. அது காணாதோ?

தாராவுக்குத் தாராளமாகக் காணும். ஒளி வட்டம் 7 மி.மீ. என்பதால் இருட்டில் இதை வெல்வது கடினம். பாரம் ஒரு கிலோ அளவில் வரும், கழுத்து நோகும், அவ்வளவுதான். கடலுக்கென்று செய்த பலவற்றில் நடுச்சக்கரம் இராது. ஒவ்வொரு கண்வில்லையையும் தனித்தனியே திருப்பி ஒருமுறை சரிபண்ணினால், சில பத்து மீற்றர்களுக்கு அப்பால் உள்ளதெல்லாம் தெளிவாகவே இருக்கும். வேலிக் கதியாலில் இருக்கும் மீன்கொத்தியைப் பார்க்க இது உதவாது.

புதிது வாங்குவதற்கு முன் ஒரு பருவம் இதோடு போய்ப் பாருங்கள். உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், எப்படிப் பார்ப்பதென்று கடைச் சோதனை பற்றிய பதிலில் இருக்கிறது.

நேர்க்குழாய் நல்லதோ, தோள் அகண்ட பழைய மாதிரி நல்லதோ?

தோள் அகண்டது போரோ பிரிசம், நேர்க்குழாய் ரூஃப் பிரிசம். ஒரே விலையில், குறிப்பாகக் குறைந்த விலையில், போரோவின் படம் பெரும்பாலும் மேலாக இருக்கும். ரூஃப் பிரிசத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேர்வதால், அதைச் சரிசெய்ய ஃபேஸ் கோட்டிங் என்ற பூச்சு வேண்டும். அது இல்லாத மலிவு ரூஃப் கொஞ்சம் மொட்டையாகவே காட்டும்.

ஆனால் நாம் உப்புக்காற்றில் நிற்கிறோம். போரோ பலவற்றில் குவியம் மாற்றும்போது கண்வில்லைத் தொகுதியே வெளியே வந்து உள்ளே போகும், ஈரமும் தூசியும் அதோடு போகும். நைதரசன் நிரப்பி மூடிய ரூஃப் பிரிசம்தான் இங்கே நெடுநாள் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் தண்ணீருக்குள் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். வெறுமனே 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தூறலுக்குத் தாங்கும், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை.

பேக்-4, ஈ.டி., ஃபுல்லி மல்டி கோட்டட் எண்டு பெட்டி நிறைய எழுதியிருக்கு. எது உண்மையா வேணும்?

ஃபுல்லி மல்டி கோட்டட் கட்டாயம் வேண்டும். ஒளி கடக்கும் எல்லாக் கண்ணாடி முகங்களிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு என்பதே அதன் பொருள். 'மல்டி கோட்டட்' என்று மட்டும் இருந்தால் சில முகங்களுக்குத்தான் அந்தப் பூச்சு. 'கோட்டட்' என்று மட்டும் இருந்தால் அதுவும் குறைவு.

பேக்-4 என்பது பிரிசக் கண்ணாடியின் வகை. ஒளி வட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக, விளிம்பு வரை வெள்ளையாக இருந்தால் நல்லது. போரோ ஒன்றில் நான்கு பக்கமும் சாம்பல் நிழல் விழுந்து சதுரமாகத் தெரிந்தால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது குறைந்த கண்ணாடி. ஈ.டி. கண்ணாடி, கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பில் வரும் ஊதா நிறக் கசிவைக் குறைக்கும். ஆண் ஊசிவாலின் கபிலத் தலைக்கும் வெள்ளைக் கழுத்துக்கும் இடையிலுள்ள கோட்டில் அந்த வித்தியாசம் தெரியும். கையில் காசு இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் தாரா பெயர் சொல்வதற்கு அது தடை இல்லை.

கடையில நிண்டு எப்பிடிச் சோதிக்கிறது? கடைக்காரர் பாத்துக்கொண்டு நிக்கிறார்.

பத்து நிமிடம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கடைக்குள்ளே எல்லாமே நன்றாகத்தான் தெரியும். வாசலுக்கு வந்து வெளியே பாருங்கள்.

முதலில் குழாய்களின் ஒழுங்கு. தூரத்து மின்கம்பியையோ எதிர்க் கட்டடத்துக் கூரை விளிம்பையோ பார்த்துக் குவியப்படுத்துங்கள். அப்படியே பார்த்துக்கொண்டு பைனாகுலரைக் கண்ணிலிருந்து 10, 15 செ.மீ. மெல்ல விலக்குங்கள். இரண்டு வட்டங்கள் தனியே தெரியும். கம்பி இரண்டிலும் ஒரே உயரத்தில் போக வேண்டும். ஒரு வட்டத்தில் மேலேயும் மற்றதில் கீழேயும் போனால் குழாய் விலகியிருக்கிறது. கண்ணில் வைத்துப் பார்க்கும்போது இது தெரியாது, மூளை இழுத்துச் சேர்த்துவிடும். அரை மணித்தியாலம் கழித்துத் தலையிடியாக வரும். விலகல் உள்ளதை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

பிறகு கம்பியில் இருக்கும் காகத்தை வெளிறிய வானத்துக்கு எதிரே பாருங்கள், ஊதாக் கசிவு எவ்வளவென்று தெரியும். காகத்தை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். கடைசி ஓரத்தில் மங்குவது வழமை, பாதித் தூரத்திலேயே கரைந்தால் வேண்டாம். நடுச்சக்கரத்தை ஒருபக்கம் திருப்பி மறுபக்கம் திருப்பும்போது படம் உடனே அசைய வேண்டும், சக்கரம் சும்மா சுற்றினால் உள்ளே பல்லிடை தளர்ந்திருக்கிறது. காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள், எதுவும் கிலுங்கக் கூடாது.

கடைசியாக டியூப் லைட்டுக்குக் கீழே முன் லென்ஸில் விழும் பிம்பங்களைப் பாருங்கள். மங்கிய பச்சையும் ஊதாவுமாக இருந்தால் பூச்சு உண்டு. பளிச்சென்று ஒரு வெள்ளை லைட் தெரிந்தால் ஏதோ ஒரு முகம் பூச்சில்லாமல் இருக்கிறது. பாவித்த சாமான் என்றால் போன் ரோச்சை ஒரு பக்கத்தால் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைத்த நூல் தெரிந்தால் பூஞ்சணம்.

நான் கண்ணாடி போடுறனான். கழட்டிப்போட்டே பாக்கோணும்?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டுமென்றால் கழற்றலாம், குவியச் சக்கரமே அதைச் சரிக்கட்டும். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) இருந்தால் கழற்ற வேண்டாம். எப்படியோ, ஒவ்வொரு தாராக்கூட்டத்துக்கும் கழற்றி மாட்டுவது சள்ளை. விவரப்பட்டியலில் 'ஐ ரிலீஃப்' 16 மி.மீ. அல்லது மேலே உள்ளதைத் தேடுங்கள். கண்வில்லையிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளிக் கண்ணை வைத்தால் முழுப் படமும் தெரியும் என்பதைச் சொல்லும் அளவு அது. கண்கிண்ணத்தை முழுதாகக் கீழே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி போடாதவர் மேலே உயர்த்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் கறுப்பு நிழல் ஓடித் திரியும்.

புதுசு வாங்கினன். ரெண்டு வட்டமாத் தெரியுது, ஒரு கண்ணுக்குக் கலங்கலாவும் இருக்கு. பழுதோ?

பெரும்பாலும் இல்லை, அமைக்கவில்லை. நடு மூட்டை மடித்து விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்து, பொதுவாக வலக்கண் வில்லையில் ஒரு வளையம் இருக்கும், நடுவில் பூச்சியமும் இருபக்கம் கூட்டல் கழித்தல் அடையாளமும். வலப்பக்க முன் லென்ஸைக் கையால் மறைத்து, இடக்கண்ணால் ஒரு பெயர்ப்பலகை எழுத்தை நடுச்சக்கரத்தால் கூராக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூராக்குங்கள். கண்ணை இறுக்கி மூடுவதை விட லென்ஸை மறைப்பது நல்லது, மூடினால் மற்றக் கண்ணும் சுருங்கும். வளையம் நிற்கும் இடத்தைக் குறித்து வைத்துவிடுங்கள். வீட்டில் வேறு ஆள் எடுத்துப் பார்த்தால் கட்டாயம் மாறிவிடும். இதற்குப் பிறகும் இரட்டையாகத் தெரிந்தால் மின்கம்பிச் சோதனையைச் செய்து பாருங்கள்.

லண்டனில இருக்கிற மருமகன் வரேக்க வாங்கிக்கொண்டு வாறன் எண்டார். என்ன சொல்லி விடோணும்?

மூன்று விசயம் சொல்லுங்கள். புறப்படுவதற்கு முதல் கிழமை ஓடிப்போய் வாங்காமல், மூன்று நாலு கிழமைக்கு முன் வாங்கி, மேலே சொன்ன கம்பி, காகம், குலுக்கல் சோதனைகளை அங்கேயே செய்ய வேண்டும். பிழையென்றால் மாற்றும் காலம் கையில் இருக்கும். இங்கே வந்த பிறகு திருப்பி அனுப்பும் செலவு பைனாகுலரின் விலையைத் தொடும். வொரன்டி வாங்கிய நாட்டுக்கு மட்டுமா, உலகம் முழுவதுக்குமா என்று பார்த்து, பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கொண்டுவரும்போது கைப்பையில் வைக்கட்டும். பெட்டியில் போட்டு விமான நிலையத்தில் எறிபட்டால் குழாய் விலகும்.

கொழும்பில் கமரா கடைகளில் வாங்கினால் விலை கொஞ்சம் கூடலாம், ஆனால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். படத்தை மட்டும் பார்த்து ஒன்லைனில் வாங்குவதற்கு நாம் ஆதரவில்லை. ஒரே மாதிரியில் இரண்டு பைனாகுலர்கூட ஒன்று போலிருப்பதில்லை.

எவ்வளவு காசு ஒதுக்கிறது?

ரூபாய்க் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறும், டொலரில் சொல்வது வசதி. அமெரிக்க டொலர் 100 முதல் 150 வரை நம்பிக்கையான 8×42 தொடங்குகிறது: நைதரசன் நிரப்பியது, முழுப் பூச்சுள்ளது. 250, 300 அளவில் ஈ.டி. கண்ணாடியும் நல்ல குவியச் சக்கரமும் கிடைக்கும். சுவரொவ்ஸ்கி, சைஸ், லைக்கா போன்றவற்றின் மேல்வகை 2000 டொலருக்கு மேலே. முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறும்போது வித்தியாசம் கண்ணில் அடிக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நூறு டொலருக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும்.

பொம்மைத் தாரா மிதக்கவிட்டால் கிட்ட வருமெண்டு யூடியூபில காட்டுறாங்கள். ஒரு டசின் எடுப்பிச்சால் என்ன?

அது சுடுகிறவர்களின் உபகரணம். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அடியில் பாரம் வைத்த பிளாஸ்ரிக் பொம்மைகளைக் கயிறும் நங்கூரமும் கட்டி மிதக்கவிட்டு, நடுவே இறங்குவதற்கு இடம் விட்டு, மறைவில் இருந்து சுடுவார்கள். இலங்கையில் வலசைத் தாராக்கள் 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. சுடுவதும் பிடிப்பதும் குற்றம். பார்க்கத்தான் பொம்மை வைத்தேன் என்று ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

பயனும் இல்லை. நூற்றுக்கணக்கில் இறங்கி நிற்கும் ஊசிவால் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பொம்மை ஒரு கணக்கே அல்ல. கிட்டப் பார்க்க நல்ல வழி, நாம் மறைவது. வீதியோரம் நிறுத்திய வாகனத்துக்குள் இருந்தால் தாரா பொருட்படுத்தாது, கதவைத் திறந்து இறங்கினால் எழும்பும். இயந்திரத்தை நிறுத்துங்கள், அதன் அதிர்வே படத்தைக் கெடுக்கும். ஒரு கிலோ பயறோ அரிசியோ போட்ட துணிப்பையை யன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் பைனாகுலரை அழுத்தினால் முக்காலிக்குச் சமம். சைக்கிளில் வந்தவர் நிறுத்திவிட்டு இருக்கையில் முழங்கையை ஊன்றலாம், அதுவே பாதி நடுக்கத்தைக் குறைக்கும்.

மத்தியானம் எல்லாம் தண்ணிக்குள்ளால பாக்கிற மாதிரி நெளியுது. லென்ஸ் பிழையோ?

லென்ஸ் சரி, காற்றுத்தான் பிழை. ஆழமில்லாத கடலேரித் தண்ணீரும் ஓரச் சேறும் சூடேற, மேலுள்ள காற்று அடுக்கடுக்காக வேறுபட்ட அடர்த்தியில் கொதித்து எழும், ஒளி வளைந்து வளைந்து வரும். எந்த விலைப் பைனாகுலருக்கும் இது பொது. மடங்கு கூடக்கூட நெளிவும் பெரிதாகும். வெயில் நாளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு 30 மடங்கு ஸ்கோப்பை விட 8 மடங்குப் பைனாகுலர் தெளிவாக இருப்பது இதனால்தான்.

வெளிச்சம் வந்ததிலிருந்து எட்டரை வரைக்கும், பிறகு நாலரைக்கு மேல். மழை விட்ட மப்பு நாள் கிடைத்தால் முழுப் பகலும் பார்க்கலாம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பாலத்தில் காலையில் மேற்குப் பக்கத் தண்ணீரையும் மாலையில் கிழக்குப் பக்கத்தையும் பார்த்தால் நிறம் தெரியும். எதிர்த்திசையில் வெறும் கறுப்பு உருவங்கள்தான்.

ஸ்கோப் இல்லாமல் சரிவராதோ?

முதல் பருவத்துக்குச் சரிவரும். கூட்டம் 500 மீற்றருக்கு அப்பால் நின்று, அதற்குள் எது எத்தனை என்று எண்ண வேண்டி வந்தால் ஸ்கோப் வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது, 1987 இல் தொடங்கியது. அதில் சேர்கிறவர்களிடம் இருந்து ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

20–60 மடங்கு, 65 மி.மீ. என்பது பொதுவான அளவு. 60 இல் ஒளி வட்டம் 1.1 மி.மீ. மட்டுமே, உச்சி மடங்கு பெயருக்குத்தான். பெரும்பாலான நேரம் 25க்கும் 35க்கும் இடையில்தான் நிற்பீர்கள். 80 மி.மீ. விடியலில் பிரகாசமாக இருக்கும், பாரமும் விலையும் ஏறும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு 65 போதும். கண்வில்லை சரிந்த மாதிரியை எடுங்கள். முக்காலியைப் பதித்து வைக்கலாம், உயரமானவரும் பிள்ளைகளும் மாறி மாறிப் பார்க்கலாம். வாகன யன்னலால் மட்டும் பார்ப்பவருக்கு நேர்க்குழாய் வசதி.

காசை ஸ்கோப்பில் கொட்டிவிட்டு மெல்லிய முக்காலி வாங்குவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை அகட்டி வையுங்கள். பையைத் தண்டில் கொழுவினால் அடி நிலத்தில் பட வேண்டும், தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடி இன்னும் நடுக்கும். வீடு வந்ததும் கால் மூட்டுகளை நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் உப்புச் சேறு ஒரே பருவத்தில் இறுக்கிவிடும்.

அதுக்குப் பதிலா சூம் கமரா வாங்கினால் படமும் எடுக்கலாம்தானே?

2015 இல் வந்த நிக்கோன் கூல்பிக்ஸ் பி900 போன்றவை 83 மடங்கு ஒளியியல் சூம், 2000 மி.மீ.க்குச் சமம். படமெடுத்து வீட்டில் வைத்துப் பெயர் பார்க்க மிக உதவும். ஆனால் திரைக்குள் பறக்கும் தாராவைத் தேடிப் பிடிப்பது கடினம், மங்கிய வெளிச்சத்தில் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும், மின்கலம் முடிந்தால் பார்வையும் முடிந்தது. தேடுவது பைனாகுலரால், பதிவது கமராவால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பைனாகுலர்.

உப்புக்காத்து படிஞ்சு லென்ஸ் வெள்ளையாயிட்டுது. எப்பிடித் துடைக்கிறது?

சேட் நுனியாலும் சாரத்தாலும் துடைக்கவே வேண்டாம். வெள்ளையாகத் தெரிவது உப்புப் பளிங்கு, உலர்ந்தபடி தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதி, மென்தூரிகையால் தட்டி, பிறகு உப்பைக் கரைக்க வேண்டும்.

ஐபிஎக்ஸ்7 உள்ளதென்றால் நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவலாம். ஆனால் நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. காய்ந்ததும் அதுவே வெள்ளைப் பொட்டு விடும், உப்புப் போய்ச் சுண்ணாம்பு வந்த கதை. கடைசி அலசலுக்கு வடித்த நீர் பாவியுங்கள். பற்றிக்கு விடுகிற போத்தல் தண்ணீர் என்று கேட்டால் வாகனக் கடைகளில் கிடைக்கும், அமிலம் கலக்காததா என்று பார்த்து எடுங்கள். நீர் புகாத வகை இல்லையென்றால் லென்ஸ் கடதாசியை அதே தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி எடுங்கள். நனைத்த கடதாசியை இரண்டாம் முறை அதே பக்கத்தால் பாவிக்க வேண்டாம்.

மாரி முடியேக்க உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சிட்டுது. வராமல் தடுக்க ஏலாதோ?

ஏலும். தோல் உறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் பூஞ்சணத்துக்கு விருந்து. இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் 100 கிராம் அளவு சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பத மானியும் போட்டு அதற்குள் வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் சரியான அளவு. நிறம் மாறினால் ஜெல்லை மெல்லிய சூட்டில் உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். நீலநிறக் குறிகாட்டி உள்ளதில் கோபால்ட் இருக்கிறது, சமைக்கும் சட்டியில் வறுக்க வேண்டாம். அரிசிக்குள் புதைப்பது தவிடும் தூசியும் சேர்க்கும் வேலை.

உள்ளே பிடித்துவிட்டால் கழற்றித் துப்புரவாக்கித் திரும்பக் குழாய்களை ஒழுங்குபடுத்த வேண்டும். மலிவுச் சாமானுக்கு அந்தக் கூலி கட்டாது.

பைனாகுலரோட நிண்டால் ஆமி, நேவி ஒண்டும் சொல்லாதோ?

பைனாகுலர் வைத்திருக்க அனுமதி தேவையில்லை. பாலங்களுக்கும் கடற்கரைக்கும் அருகே முகாம்கள் இருப்பதால், முகாம் இருக்கும் திசைக்கு அதைத் திருப்பாமல் இருப்பதும், காவலில் நிற்பவர் கேட்குமுன் பறவைப் புத்தகத்தைக் காட்டிச் சொல்லிவிடுவதும் நல்லது. கமராவுக்கும் ஸ்கோப்புக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், தாராக்கூட்டம் முழுவதையும் அது எழுப்பியும் விடும். சுண்டிக்குளம் 2015 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள்தான்.

இவ்வளவும் செய்து ஐப்பசியில போய்ப் பாத்தால் எல்லாத் தாராவும் ஒரே மண்ணிறம். இன்னும் பெரிசு வாங்கோணுமோ?

வேண்டாம். அந்த மாதங்களில் ஆண்கள் பலதும் இறகு மாற்றி முடிக்காமல் பெண்ணைப் போலவே இருக்கும். நீலச்சிறகி ஆண் தன் வெள்ளைப் புருவத்தை முழுதாகக் காட்ட மாசி ஆகலாம். ஆகவே நிறத்தை விட்டு உருவத்தைப் பாருங்கள், 8 மடங்கில் அது நன்றாகவே தெரியும். கழுத்து மெலிந்து நீண்டு, வால் கூராக மேலே நின்றால் ஊசிவால். உடம்பின் முன்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்து, அகப்பை போன்ற சொண்டு தலையை விட நீளமாகத் தெரிந்தால் தட்டைவாயன். உருண்டைத் தலையும் குட்டைச் சொண்டுமாக இருந்தால் நாமத்தலை வாத்து. கூட்டத்திலேயே சின்னது, முகத்தில் கோடு கோடாக இருந்தால் நீலச்சிறகி, அது பறக்கும்போது செட்டையின் முன்பக்கம் சாம்பல் நீலமாக அடிக்கும். கறுத்த சொண்டின் நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால் அது வலசை வந்ததல்ல, புள்ளிமூக்குத் தாரா, வடக்கிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது.

தலையைச் செட்டைக்குள் செருகி நித்திரை கொள்ளும் கூட்டமென்றால் இவை எதுவும் தெரியாது. அப்படியே முட்டுக்கொடுத்து நில்லுங்கள். மேலே பருந்து ஒன்று சுற்றினால் எல்லாத் தலையும் ஒன்றாக நிமிரும்.